கடைசியில் உட்கார்ந்தவளின் தட்டு

உங்கள் பட்டங்களை முதலில் கீழே வையுங்கள். எம்.ஏ., எம்ஃபில். என்று பெயருக்குப் பின்னால் வால் வாலாகத் தொங்கவிட்டுக்கொண்டு ஃபீல்டுக்கு வருகிறவர்களை இருபது வருஷத்துக்கு மேல் பார்த்துவிட்டேன். வெயிலில் ஒரு தெரு முடிவதற்குள் அந்த வால் வாடிவிடும். நான் ஆறாவதோடு நின்றவன். ராயபுரத்தில் பிறந்து, துறைமுகத்தில் மூட்டை தூக்கி, பத்துப் பேருக்கு மேஸ்திரியாகி, அப்புறம் சர்வே வேலைக்கு வந்து, உங்களைப் போன்ற ஐம்பது பேருக்குச் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன். யாரும் என்னைக் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. புது ஆட்களுக்கு உபயோகமாக இருக்கும், அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று ஆபீசில் கேட்டார்கள். உபயோகமாக இருக்கும். ஆனால் உங்களுக்குப் பிடிக்காது.

நம்முடைய தொழில் என்ன? வீடு வீடாகப் போய், போன ஏழு நாளில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதுவது. கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள். போன மாதம் ஆபீசுக்குப் போயிருந்தேன். ஒரு பெண் கையில் பலகை மாதிரி ஒரு கருவி வைத்திருந்தாள். பதிலைத் தட்டினால் பச்சை வருகிறதாம், ஏதாவது விட்டுப்போனால் சிவப்பு வருகிறதாம். "எதிர்ல நிக்கிறவங்க பொய் சொன்னா இன்னா கலர் வரும்மா?" என்று கேட்டேன். அந்தப் பெண் சிரித்தாள். பக்கத்தில் நின்ற நான்கு பேரும் சிரித்தார்கள். நான் தமாஷுக்குக் கேட்கவில்லை. அந்தப் பொய்யால் ஒரு முறை ஒரு சமையல்கூடத்தை மூடும் அளவுக்கு வந்துவிட்டது. அந்தப் பொய்யைச் சொல்லச் சொன்னவன் நானே. அதைத்தான் எழுதப் போகிறேன்.

அப்போது நான் ஒரு பொருளாதார நிபுணரிடம் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். சார் என்றே வைத்துக்கொள்வோம். அவரும் ராயபுரத்துக்காரர்தான். ரயில்வேயில் வேலை பார்த்தவரின் மகன். சர்ச்சுக்குப் பின்னால் மாடி வீடு. டெல்லி வரைக்கும் போய்ப் படித்துவிட்டு, திரும்பவும் அதே சந்துக்கு வந்து சேர்ந்தவர். ஜனங்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள், எப்படிப் பிழைக்கிறார்கள் என்று எழுதுவதுதான் அவருக்குத் தொழில். அந்தத் தொழிலைச் செய்கிற மனிதர் தான் எப்படிச் சாப்பிட்டார், எப்படிப் பிழைத்தார் என்பதை நான் கூடவே இருந்து பார்த்தேன்.

காலை ஏழு மணிக்கு நான் போகும்போது மூன்று பேப்பர் தரையில் விரிந்து கிடக்கும். முதல் பக்கத்தைத் தொட மாட்டார். எந்தக் கப்பல் என்ன சரக்கோடு துறைமுகத்துக்கு வருகிறது என்று பொடி எழுத்தில் ஒரு பட்டியல் போடுவார்களே, அதைத்தான் வேதம் மாதிரி படிப்பார். "மேஸ்திரி, இந்த வாரம் கோதுமை வருது, தெரியுமா?" என்பார். எனக்குத் தெரியும். என் பழைய கூட்டாளிகள் முந்தின நாளே டீக்கடையில் சொல்லியிருப்பார்கள். "அப்டியா சார்?" என்பேன். படித்தவர்களுக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்துவிட வேண்டும். செலவில்லாத மரியாதை.

எழுதுவது பென்சிலில். ஒரு பக்கம் அச்சடித்த பழைய தாளைத் திருப்பிப் போட்டு, முதலில் தமிழில் ஒரு வாக்கியம் எழுதி, அதை உரக்கப் படிப்பார். சமையலறையிலிருந்து அவர் மனைவி, பள்ளிக்கூட டீச்சர், "புரியல" என்பார். சார் அடித்துவிட்டு மறுபடி எழுதுவார். டீச்சரம்மா ஒன்றும் சொல்லாவிட்டால் அந்த வாக்கியம் பாஸ். அப்புறம்தான் அது இங்கிலீஷுக்குப் போகும். அவருடைய புத்தகங்களைப் புகழ்ந்தவர்கள் எத்தனையோ பேர். அதில் பாதிப் புகழ் குழம்பு கிளறிக்கொண்டிருந்த அந்த அம்மாவுக்குச் சேர வேண்டியது.

சாப்பாட்டைக் கேட்காதீர்கள். தண்ணீர்ச் சொம்பில் ஒரு புத்தகத்தைச் சாய்த்து வைத்துக்கொள்வார். கண் புத்தகத்தில் இருக்கும், கை தட்டில் இருக்கும். ஒரு நாள் சோதித்துப் பார்க்கலாம் என்று டீச்சரம்மா சாம்பாரில் உப்பே போடவில்லை. "எப்படி இருக்கு?" என்று கேட்டார். "நல்லா இருக்கே" என்றார் சார். இன்னொரு கரண்டியும் வாங்கிக்கொண்டார். நாட்டில் யார் எவ்வளவு பருப்பு சாப்பிடுகிறார்கள் என்று அதே மனிதர் அன்றைக்கு மத்தியானம் எட்டுப் பக்கம் எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்து, மத்தியானச் சாப்பாடும் ஆன பிறகு, சார், டீச்சரம்மா, காலேஜ் படிக்கும் மகள் மூன்று பேரும் சீட்டு விளையாடுவார்கள். ப்ளஃப் என்கிற ஆட்டம். கையில் இருக்கிற சீட்டைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு "மூணு ராணி" என்று சொல்ல வேண்டும். கவிழ்த்ததில் ராணி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பொய் என்று தோன்றினால் எதிரில் இருப்பவர் புரட்டிப் பார்க்கலாம். இந்த ஆட்டத்தில் சார் ஒரு நாள்கூட ஜெயித்து நான் பார்த்ததில்லை. சொன்னதை அப்படியே நம்பிவிடுவார். தானும் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்துவிடும். "டாடி, காது" என்று மகள் சொன்னால் போதும், சீட்டுக்கட்டு மொத்தமும் அவர் மடிக்கு வந்து சேரும்.

இப்போது எர்ணாவூருக்கு வருகிறேன்.

கடல் உள்ளே வந்து குப்பங்களை வாரிக்கொண்டு போனதற்கு அடுத்த வருஷம். கரையோரம் இருந்தவர்களைக் கொண்டுவந்து எர்ணாவூரில் வரிசை வரிசையாகத் தகரக் கொட்டகை போட்டு வைத்திருந்தார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தத் தகரத்துக்கு அடியில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். அங்கே ஒரு தர்ம ஸ்தாபனம் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தது. ஜனங்கள் அதைக் கிச்சன் என்று சொல்வார்கள். ஸ்தாபனத்துக்காரர்கள் சாரிடம் வந்து, இந்த ஜனங்கள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டார்களா, கிச்சனை நடத்த வேண்டுமா, மூடலாமா, பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். சார் ஒப்புக்கொண்டார். ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் விசாரித்து வரும் பொறுப்பு எனக்கு.

என் டீமில் ஒரு எம்.ஏ. பையன் இருந்தான். எர்ணாவூர் என்று சொன்னதும் மூக்கைப் பொத்துகிற மாதிரி ஒரு சைகை செய்தான். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தால் பேச மாட்டேன், எதையாவது செய்துவிடுவேன். அன்றைக்குச் செய்தது மகா முட்டாள்தனம்.

முந்தின நாளே தனியாக எர்ணாவூர் போனேன். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் நின்றிருந்தார்கள். பாதிப் பேரை எனக்குத் தெரியும். கூட்டி வைத்துச் சொன்னேன்.

"நாளைக்குப் பெரிய படிப்பு படிச்ச புள்ளைங்க வருது. இன்னா துன்றீங்கன்னு கேக்கும். கலீஜா எத்தையாவது சொல்லி மானத்த வாங்காதீங்க. நம்ம பக்கத்து ஜனம்னா ஒரு கௌரவம் கீதுன்னு அதுங்களுக்குத் தெரியணும்."

கன்னியம்மா என்று ஒருத்தி. மூன்று பிள்ளைக்காரி. காசிமேட்டில் கூடை வைத்து மீன் விற்றவள். வாய்க்குப் பயந்து போலீஸ்காரன்கூட அவளிடம் பேரம் பேச மாட்டான்.

"இன்னா அண்ணாத்தே, பொண்ணு பாக்க வராங்களா?" என்றாள். "எங்க வூட்டுக்காரருக்குத்தான் எட்த்துக் குடுக்கணும் இன்னொண்ண."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் டீம் போனது. மூன்று வரிசைக் கொட்டகை. கேட்ட வீட்டில் எல்லாம் ஒரே விருந்துதான். திங்கட்கிழமை வஞ்சிரம், செவ்வாய் முட்டை, புதன் இறால், வியாழன் நண்டு. கன்னியம்மா ஒரு படி மேலே போய், "மீன் சாப்ட்டு சாப்ட்டு அலுத்துப் பூடுச்சும்மா, சனிக்கிழம கறி எட்த்தோம்" என்று சொன்னாள். எங்கள் பட்டதாரிகள் அழகான கையெழுத்தில் அத்தனையும் எழுதிக்கொண்டார்கள். கீழே கைநாட்டு, கையெழுத்து எல்லாம் சுத்தமாக வாங்கினார்கள். மூக்கைப் பொத்திய பையன் வெளியே வந்து என்னிடம், "நம்ம ஹாஸ்டலைவிட இங்க சாப்பாடு பெட்டர் சார்" என்றான்.

நான் அந்த வரிசையில் நடந்து பார்த்தேன். மூன்று வரிசையிலும் ஒரு பூனை இல்லை. மீன் கழுவிய தண்ணீர் எங்கேயும் ஓடவில்லை. செதில் இல்லை, வாசனை இல்லை. இத்தனை வஞ்சிரம் தின்ற தெருவில் ஒரு ஈகூட மீனுக்காக வந்ததாகத் தெரியவில்லை. உங்கள் படிப்பில் இதற்குப் பாடம் இருக்கிறதா? எனக்கு அரை நிமிஷத்தில் தெரிந்தது. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டேன். ஏன் என்றால், கௌரவமாகப் பேசுங்கள் என்று சொல்லி வைத்தவன் நான். அவர்கள் என் பேச்சுக்கு மரியாதை கொடுத்திருக்கிறார்கள். அதை எப்படிப் பொய் என்று சொல்வது?

சாருக்கு ஒரே சந்தோஷம். ஜனங்கள் மீண்டுவிட்டார்கள் என்று நாற்பது பக்கம் எழுதினார். டீச்சரம்மா கேட்டுவிட்டு, "ரொம்ப சீக்கிரம் மீண்டுட்டாங்களே" என்று மட்டும் சொன்னார். அது ஒரு கேள்வி என்பது சாருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. வெளியே எதையோ பார்க்கிறவன் மாதிரி நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அறிக்கை திங்கட்கிழமை காலை ஸ்தாபனத்துக்குப் போக வேண்டும். முடிவு என்ன என்பதைச் சார் முன்கூட்டியே அவர்களுக்குப் போனில் சொல்லியிருந்தார். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, திருவொற்றியூரில் என் வீட்டு வாசலில் கன்னியம்மா வந்து நின்றாள்.

"கிச்சன மூடப் போறாங்களாம். சமைக்கிற அம்மா சொல்ச்சு. நாங்க நல்லா துன்றோமாம். எவன் எழுதினான் அப்டி?"

"நீங்க சொன்னத்தத்தானே எழுதிகினு வந்தாங்க" என்றேன்.

"நீ சொல்லச் சொன்னத்த நாங்க சொன்னோம்."

குடிக்கத் தண்ணீர் எடுத்து நீட்டினேன். அவளே பேசினாள்.

"போட்டு இல்ல, வலை இல்ல. வூட்டுக்காரரு எண்ணூர்ல ஒரு கம்பெனில மண்ணு வாரிகினு கீறாரு. மீனுக்கு எங்க போவேன்? மீன்காரி வூட்ல மீன் இல்லன்னு ஊர் பேர் தெரியாத பொண்ணுகிட்ட எந்த வாயால சொல்றது? நீ சொல்லாம இருந்தா ஒருவேள சொல்லியிருப்பேன். நீ வந்து மானம் கீனம்னு பேசிட்டுப் பூட்ட."

"இப்ப இன்னா செய்யச் சொல்ற?"

"எனுக்கு இன்னா தெரியும்? நீதான் பெரிய சூப்பர்வைசராச்சே."

தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள். அவளுடைய மூன்று பிள்ளைகளுக்கும் அந்த ஒரு வேளைதான் வயிறு நிறைகிற வேளை. திங்கட்கிழமை அறிக்கை போனால் அடுத்த மாதம் அதுவும் கிடையாது.

வேறு எவனாக இருந்தாலும் அன்றைக்கு வீட்டிலேயே இருந்திருப்பான். சாரிடம் போய் உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சர்வேயைக் கெடுத்தவன் என்று பெயர் வரும். மேஸ்திரி மேஸ்திரி என்று பின்னால் சுற்றும் பட்டதாரிகள் பல்லை இளிப்பார்கள். மறுபடி மூட்டைதான். ஆனால் நான் பஸ் ஏறினேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதலாம். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

ராயபுரம் வீட்டில் சீட்டாட்டம் நடந்துகொண்டிருந்தது. சார் மடியில் வழக்கம் போலக் கட்டுக் கட்டாகச் சீட்டு. மகள் நான்கு சீட்டைக் கவிழ்த்து, "நாலு ராஜா" என்றாள். டீச்சரம்மா அவளை ஒரு பார்வை பார்த்தார். சார், "சரி, அடுத்தது" என்றார்.

"சார், ஒரு விஷயம்" என்றேன்.

"உக்காரு மேஸ்திரி, ஆட்டம் முடியட்டும்."

"முடியறதுக்குள்ள சொல்லிடறேன் சார். எர்ணாவூர்ல எவளும் மீன் துன்னல."

சொன்னேன். குழாயடிப் பேச்சு, மூக்கைப் பொத்திய பையன், பூனை இல்லாத தெரு, கன்னியம்மா வந்து நின்றது, ஒன்றையும் விடவில்லை. சார் கையில் இருந்த சீட்டை மெதுவாகக் கீழே வைத்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"ஃபார்ம்ல கையெழுத்து இருக்கே மேஸ்திரி."

"கையெழுத்து கீது சார். மீன்தான் இல்ல."

"பத்து நாளா நான் எழுதிட்டிருந்தேன். நீ பக்கத்துலதான உக்காந்திருந்த? ஒரு வார்த்த சொன்னியா?"

தலையைக் குனிந்துகொண்டேன். என் வாழ்க்கையில் அதிகம் செய்யாத காரியம் அது.

"சரி, மறுபடி போய்க் கேட்டா மட்டும் உண்மைய சொல்லிடுவாங்களா? அவங்களுக்கு மானம் இருக்குன்னு நீயே சொல்ற. ஒருத்தர் சொல்றத நம்பாம நான் எப்படி எழுதறது?"

டீச்சரம்மா தன் சீட்டுகளை விசிறி மாதிரி மடித்துக்கொண்டு கேட்டார். "என்னங்க, இன்னிக்கு மத்தியானம் நான் என்ன சாப்பிட்டேன்?"

"மட்டன் குழம்பு" என்றார் சார். கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"அது நீங்க சாப்பிட்டது."

"நாமதான் எல்லாரும்..."

"உங்க ஃப்ரெண்டு சாப்பாட்டு நேரத்துக்கு வந்தாரு. அவருக்கு ரெண்டு தடவ போட்டேன். உங்க பொண்ணு எலும்பு வேணும்னா. நான் உக்காந்தப்போ சட்டியில மசாலாதான் இருந்துச்சு. ரசம் ஊத்திச் சாப்பிட்டேன். மூணு அடி தள்ளி நீங்க புத்தகம் படிச்சிட்டிருந்தீங்க."

சாரின் காது சிவந்தது. பொய் எதுவும் சொல்லாமலே.

"யாராவது வந்து இந்த வீட்ல என்ன சமைச்சீங்கன்னு கேட்டா நானும் மட்டன்னுதான் சொல்வேன்" என்றார் டீச்சரம்மா. "அது பொய் இல்ல. ஆனா கேள்வி தப்பு. கடைசியா யார் சாப்பிட்டாங்க, அப்போ என்ன மிச்சம் இருந்துச்சுன்னு கேளுங்க. கடைசியா உக்காந்தவளுக்கு அலங்காரமா பேச ஒண்ணும் இருக்காது."

சார் எழுந்து போய் நாற்பது பக்கத்தையும் எடுத்து வந்து குறுக்கே ஒரு கோடு போட்டார். திரும்பி மகளைப் பார்த்து, "அந்த நாலு ராஜா?" என்றார். மகள் புரட்டிக் காட்டினாள். ஒரு ராஜாகூட இல்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவ்வளவு படித்த மனிதருக்கும், இவ்வளவு ஊர் தெரிந்த எனக்கும் வராத கேள்வி, சட்டியின் அடியைச் சுரண்டியவருக்கு வந்தது. இதற்குப் பிறகு நான் தயாரித்த எந்த ஃபார்மிலும் இந்தக் கேள்வி இல்லாமல் இருந்ததில்லை. இப்போது உங்கள் பலகையில் அதைக் காணோம். கேட்டால், நேரம் எடுக்கிறது என்று எடுத்துவிட்டார்களாம். எடுப்பீர்கள்.

திங்கட்கிழமை சார் போன் செய்து ஒரு வாரம் அவகாசம் வாங்கினார். செவ்வாய்க்கிழமை யாரிடமும் சொல்லாமல் எர்ணாவூர் போனோம். இந்த முறை சாரும் வந்தார். கன்னியம்மா கொட்டகையில் கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் உட்கார்ந்தார். தகரத்துச் சூட்டில் மூக்குக்கண்ணாடி இரண்டு முறை வழுக்கி விழுந்தது.

"நேத்து உங்க வீட்ல கடைசியா யாரும்மா சாப்பிட்டாங்க?"

"நாந்தான். வேற எவ?"

"அப்போ என்ன மிச்சம் இருந்துச்சு?"

கன்னியம்மா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. பார்த்தால் மறுபடியும் ஏதாவது சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

"சொன்னா எழுதுவியா?" என்று சாரைக் கேட்டாள்.

"எழுதுவேன்மா" என்றார் சார். வேறு எந்த ஆளாக இருந்தாலும் அந்த இடத்தில் இல்லை என்று சொல்லியிருப்பான். அவருக்கு வராது.

அவள் எழுந்து போய் வாசலுக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு சொன்னாள்.

"நடுவுது கிச்சன்ல பாதிதான் துன்னும். மீதிய பிளாஸ்டிக் கவர்ல போட்டு, பாவாடயில சொருகிகினு எட்த்தாரும். அதான் நான் துன்னது. நேத்து மட்டும் இல்ல, தெனம் அதான். முட்ட போட்டா முழுசா எட்த்தாந்துடும், லூசு. அத்த மட்டும் திருப்பி அதும் வாயிலயே தள்ளிடுவேன்."

சாரின் பென்சில் நின்றது.

கிச்சனில் ஒரு சட்டம் இருந்தது. பிள்ளைகள் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும், ஒரு பருக்கைகூட வெளியே போகக் கூடாது. வாசலில் ஒரு பொறுப்பாளர் அம்மா நின்று பார்ப்பார். கன்னியம்மா அதைத்தான் அடுத்துச் சொன்னாள்.

"இத்த நீ எழுதினா நாளைக்கு அந்த அம்மா எங்க பொண்ணுங்க பாவாடய தடவிப் பாக்கும். அதுக்குக் கிச்சன மூடிட்டே போலாம்."

அடுத்த வீட்டிலும் அதே பதில். அதற்கடுத்த வீட்டிலும் அதே. கவருக்குப் பதில் சில வீடுகளில் டிபன் டப்பா மூடி, அவ்வளவுதான் வித்தியாசம். மானத்துக்காக மட்டும் இல்லை, இந்தச் சோற்றை மறைக்கவும்தான் அந்தப் பெண்கள் பொய் சொன்னார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊரே எனக்கு அத்துப்படி என்று நினைத்திருந்தேன். பூனை இல்லாததைப் பார்த்தவன் பாவாடையைப் பார்க்கவில்லை.

திரும்பி வரும் ரயிலில் சண்டை.

"பார்த்தத எழுதத்தான் வேணும் மேஸ்திரி. மறைக்கிறது என் வேல இல்ல."

"மறைக்கச் சொல்லல சார். பொண்ணு சோறு கடத்துதுன்னு எழுதினா, எவனும் ஆத்தா பசியப் பாக்க மாட்டான், பாவாடயத்தான் பாப்பான்."

"பின்ன எப்படி எழுதறதுன்னு சொல்லு."

"அது உங்க தொழில் சார்" என்றேன். எனக்கும் தெரியவில்லை என்பதை வேறு எப்படிச் சொல்வது?

அன்று சாயங்காலம் சார் எழுத உட்கார்ந்தார். ஒரு வாக்கியம் எழுதி உரக்கப் படித்தார். பிள்ளைகள் உணவை வெளியே எடுத்துச் செல்கிறார்கள் என்று அது ஆரம்பித்தது. "திருட்டு கேஸ் மாதிரி இருக்கு" என்றார் டீச்சரம்மா. அடித்தார். சில பிள்ளைகள் முழுவதும் சாப்பிடுவதில்லை என்று மாற்றினார். "அப்போ சோறு ஜாஸ்தின்னு கொறச்சிடுவாங்க." அடித்தார். ஏழெட்டுத் தாள் போயிருக்கும். டீச்சரம்மா சமையலறையிலிருந்து வெளியே வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "அந்தச் சோத்துல எத்தன வயிறு நிக்குது, அத எழுதுங்க" என்றார்.

சார் எழுதினார்: பதிவேட்டில் உள்ள பிள்ளைகளைவிட அதிகம் பேர் இந்தச் சமையலால்தான் பசியாறுகிறார்கள், கூடம் மூடப்பட்டால் முதலில் பட்டினி கிடப்பவர்கள் பதிவேட்டிலேயே இல்லாத தாய்மார்கள்.

டீச்சரம்மா ஒன்றும் சொல்லவில்லை. பாஸ்.

அறிக்கை போன நான்காம் நாள் ஸ்தாபனத்து அதிகாரி போன் செய்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். தண்ணீர் பாட்டிலை விட்டு ஒரு நிமிஷம் பிரியாத ஆள் அவர். எர்ணாவூருக்கு ஒரே ஒரு முறை வந்து, காரிலிருந்து இறங்காமல் பார்த்துவிட்டுப் போனவர். அவர் பேசுவது ரிசீவரைத் தாண்டிக் கேட்டது. "பதிவேட்ல இல்லாதவங்க எப்படி சார் சாப்பிடுவாங்க? சோறு வெளிய போகுதா?"

பொய் சொல்லத் தெரியாத மனிதரிடம் நேராக இந்தக் கேள்வி. நான் வாங்கிப் பேசிவிடலாமா என்று கைகூட நீண்டுவிட்டது. சார் என்னைப் பார்த்தார். காது சிவக்கவில்லை.

"எப்படின்னு நீங்க கேட்கல, மூடலாமான்னுதான் கேட்டீங்க" என்றார். "மூடக்கூடாதுன்னு எழுதியிருக்கேன். சமைக்கிறது போதலன்னும் எழுதியிருக்கேன். எவ்வளவு கூட்டப் போறீங்க?"

கமிட்டியில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார் அதிகாரி. கமிட்டியில் பேசினார்கள். கிச்சன் நடக்கும் என்று முடிவாயிற்று. அதோடு விட்டார்களா? பெரிய மனசு பண்ணி, தாய்மார்களும் கூடத்துக்கு வந்து பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று போர்டு எழுதி மாட்டிவிட்டார்கள்.

முதல் நாள் ஒரு பெண்கூட வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. போட்ட சோறு மிஞ்சியது. யாருக்கும் பசி இல்லை போலிருக்கிறதே என்று அதிகாரி மறுபடி போன் செய்தார். நான் எர்ணாவூருக்கு ஓடினேன்.

"இன்னா கன்னியம்மா, குடுக்கறப்போ வாங்க மாட்டேன்றீங்க?"

"தட்டத் தூக்கிகினு போயி, புள்ளைங்களோட லைன்ல குந்தச் சொல்றான். நாங்க இன்னா பிச்சக்காரிங்களா?" என்றாள். "வூட்டுக்குக் குடுத்தனுப்பச் சொல்லு. துன்றோமா இல்லியான்னு அப்பறம் பாரு."

நான் போய்ச் சாரிடம் சொன்னேன். அவர் என்னை அனுப்பிவிட்டு யோசிக்கவில்லை. நான் நிற்கும்போதே ஒரு கடிதம் எழுதினார். மூன்றே வரி. பிள்ளைகள் வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டுவர அனுமதிக்க வேண்டும் என்று. டீச்சரம்மா அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்தார். அவரைக் கேட்காமல் சார் எழுதி, நான் பார்த்து, நேராகப் போன கடிதம் அது ஒன்றுதான்.

கமிட்டி ஒப்புக்கொண்டது. அடுத்த திங்கட்கிழமை கிச்சன் வாசலில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொரு கையிலும் ஒரு பாத்திரம். டிபன் கேரியர், சொம்பு, மூடி போட்ட கிண்ணம். கன்னியம்மாவின் நடு மகள் முன்னால் நின்றாள். நாலு வீட்டுக்கு ஆக்கலாம் போல ஒரு அலுமினியக் குண்டானை இடுப்பில் வைத்திருந்தாள்.

பொறுப்பாளர் அம்மா குண்டானைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இவ்ளோ பெருசா?"

"ரொப்பித் தரச் சொல்ச்சு எங்கம்மா" என்றாள் அந்தப் பெண்.

பொறுப்பாளர் என் பக்கம் திரும்பினார்.

"ரொப்பும்மா" என்றேன்.